பேர் சரியாக இருந்தால்தான் காசு



கொஞ்சம் நீளமான பதிவு. தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள், வேலை செய்த அம்மா அப்பா உள்ளவர்கள், டவுனில் கடைகளிலும் கம்பனிகளிலும் சம்பளத்துக்கு நிற்கிற நம்ம பிள்ளைகள் எல்லாரும் நேரம் எடுத்துக் கடைசி வரை வாசியுங்கள். ஒருவர் இறந்த பிறகு அவருடைய ஈ.பி.எப். காசு வாரிசுகள் கைக்கு வரும் வழியைப் பற்றியும், அதற்கு வரி உண்டா என்பது பற்றியும் எழுதுகிறேன். கடந்த இரண்டு வருடமாக என்னுடைய மாணவி ஒருத்தியின் குடும்பத்துக்காக ஓடித் திரிந்ததில் தெரிந்துகொண்ட விஷயங்கள் இவை.

நம்ம தோட்டங்களில் "பேர்" என்ற சொல்லுக்கு இன்னொரு அர்த்தம் இருக்கிறது. ஒரு நாள் வேலை செய்தால் ஒரு பேர். நிறை குறைந்தால் அரைப் பேர். "இந்த மாசம் எத்தன பேர்?" என்று கேட்டால் எத்தனை நாள் சம்பளம் என்று அர்த்தம். செக்ரோலில் பேர் விழுந்தால்தான் அடுப்பு எரியும். எங்கள் வாப்பா யட்டியாந்தோட்டைப் பக்கம் சின்னக் கடை வைத்திருந்தவர். அவருடைய கடன் கொப்பியிலும் இதே பேர்கள்தான். சம்பள நாளில் அங்கே பேர் விழுந்த அளவுக்குத்தான் இங்கே கடன் வெட்டுப்படும். அந்தப் பேரை யார் எப்படி எழுதுகிறார்கள் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் டீச்சர் ஆன பிறகுதான் பார்த்தேன்.

மாணவியின் அம்மா பால் வெட்டும் வேலை செய்தவர். 2023இல் 45 வயதில் காலமானார். பேரைச் சொல்ல மாட்டேன், அந்தக் குடும்பத்தின் மரியாதைக்காக. மூன்று பிள்ளைகள். மூத்த மகன் கொழும்பில் கடையொன்றில் நிற்கிறான். நடுவில் உள்ளவள் என் வகுப்பில் படித்தவள். கடைசிப் பையன் அப்போது 8ஆம் ஆண்டு. சாதாரண தரம் எழுதி நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளை ஒருநாள் வந்து, "டீச்சர், நான் ஏ.எல். படிக்கல்ல. கார்மன்ட்ஸுக்குப் போறேன். அம்மாட காசு வருமுன்னு சொல்றாங்க, ஆனா வரவே இல்ல" என்றாள். கையில் சிங்களத்தில் வந்த ஒரு கடிதம். வீட்டில் அதை வாசிக்க ஆளில்லை.

கடிதத்தில் இருந்தது இதுதான்: விண்ணப்பத்தில் உள்ள பெயரும், உறுப்பினர் பதிவில் உள்ள பெயரும் ஒன்றல்ல. உறுதிப்படுத்தவும்.

முதலில் அந்த அம்மாவுக்கு என்னென்ன காசு சேர வேண்டியிருந்தது என்று சொல்கிறேன். நிறையப் பேர் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து "ஈ.பி.எப். காசு" என்றே சொல்கிறார்கள். உண்மையில் அது மூன்று தனித்தனிக் காசு.

முதலாவது ஊழியர் சேமலாப நிதி, அதாவது ஈ.பி.எப். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. தொழிலாளியின் சம்பளத்தில் இருந்து 8 வீதம், தோட்டம் தன் பங்குக்கு 12 வீதம், மொத்தம் 20 வீதம். விண்ணப்பங்களைத் தொழில் திணைக்களம் பார்க்கிறது, பணம் மத்திய வங்கியிடம் இருக்கிறது. ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் எடுக்கலாம். உயிரோடு இருக்கிறவர் எடுப்பதற்குக் "கே" படிவம். இறந்தவருடைய காசை வாரிசுகள் கேட்பதற்கு "எல்" படிவம். இந்த இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்த ஆட்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது ஊழியர் நம்பிக்கை நிதி, ஈ.டி.எப். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம். தோட்டம் மட்டும் 3 வீதம் கட்டுகிறது, தொழிலாளியிடம் இருந்து ஒரு சதமும் வெட்டுவதில்லை. அது தனி நிறுவனம், அதற்குத் தனி விண்ணப்பம். வேலையில் இருக்கும்போதே இறந்தவர் என்றால், சேர்ந்திருக்கும் தொகைக்கு மேலாக மரணக் கொடுப்பனவும் உண்டு. ஈ.பி.எப். கொடுத்தால் ஈ.டி.எப். தானாக வரும் என்று இருந்துவிடாதீர்கள்.

மூன்றாவது சேவைக்காலப் பணம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி தோட்டமே நேரடியாகக் கொடுக்க வேண்டியது. குறைந்தது 5 வருடச் சேவை இருக்க வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு ஒரு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். நாட் சம்பளக்காரருக்கு ஒரு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். தொழிலாளி இறந்தால் வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டும். நாட் சம்பளம் 1000 ரூபா என்று வைத்துக்கொண்டு 22 வருடத்துக்குக் கணக்குப் பாருங்கள்: ஒரு வருடத்துக்கு 14,000, மொத்தம் 3 இலட்சத்து 8 ஆயிரம் ரூபா. லயத்தில் இருக்கிற குடும்பத்துக்கு இது சின்னக் காசு இல்லை.

இனி அந்த அம்மாவின் கதைக்கு வருகிறேன். அவர் பிறந்தது இரத்தினபுரி மாவட்டத்தில், இரக்குவானைப் பக்கத்துத் தோட்டம். 19 வயதில் அங்கே பேர் பதிந்து நாலு வருடம் கொழுந்து பறித்திருக்கிறார். பிறகு கல்யாணம் முடித்து எங்கள் கேகாலைப் பக்கம் வந்து, இறக்கும்வரை 22 வருடம் ரப்பர் மலையில் வேலை. அதனால் அவருக்கு இரண்டு ஈ.பி.எப். இலக்கம். தோட்டம் மாறினால் தொழில்தருநர் இலக்கம் மாறும், அதோடு உறுப்பினர் இலக்கமும் மாறும். பழைய கணக்கைப் புதியதோடு ஒன்றுசேர்க்கும்படி எழுதிக் கேட்கலாம். அவரிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. நாலு வருடச் சேவைக்குப் பணிக்கொடை இல்லை, ஏனென்றால் 5 வருடம் நிறையவில்லை. ஆனால் அந்த நாலு வருட ஈ.பி.எப். எங்கேயும் போகவில்லை. அவருடைய பேரில் அப்படியே கிடந்தது. வீட்டில் யாருக்கும் அது தெரியாது. தகரப் பெட்டிக்குள் இருந்த ஒரு பழைய சம்பளத் துண்டில்தான் அந்த இலக்கம் கிடைத்தது.

அடுத்த பிரச்சினைதான் பெரியது. இரக்குவானைப் பக்கம் ஒரு எழுத்து, இங்கே ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து, பிறப்புச் சான்றிதழில் வேறொன்று. உதாரணத்துக்கு லெட்சுமி என்ற பேரையே எடுத்துப் பாருங்கள். லட்சுமி, லெட்சுமி, லெச்சுமி, இலட்சுமி என்று தமிழிலேயே நாலு விதம். அதைத் தோட்ட ஆபிசில் ஆங்கிலத்தில் காதுக்குக் கேட்டபடி எழுதுவார்கள். அங்கிருந்து சிங்களத்துக்குப் போகும். சிங்களத்தில் இருந்து திரும்பத் தமிழுக்கு வரும்போது அந்தப் பெண்ணே தன் பேரை அடையாளம் காண மாட்டாள். அப்பாவின் பேர் முன்னால் வருவதா பின்னால் வருவதா என்பது தனிக் குழப்பம். சிலருக்குத் தோட்டத்தில் கூப்பிட்ட செல்லப் பேரே செக்ரோலில் ஏறிவிட்டது.

இதற்கு ஒரு வரலாறும் இருக்கிறது. 1948இல் குடியுரிமை பறிபோன பிறகு, மலையக மக்களில் பெரும்பாலானோர் பல பத்தாண்டுகள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக இருந்தார்கள். 1964 ஒப்பந்தம், பிறகு வந்த சட்டங்கள், கடைசியில் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் என்று அந்தப் பிரச்சினை தீர அரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்தது. பேரைக் கேட்டு எழுதுகிற கந்தோர்கள் எல்லாம் அவர்களுக்குத் தூரமாக இருந்த காலம் அது. அந்தக் காலத்தில் விழுந்த எழுத்துப் பிழைகளுக்குப் பிள்ளைகள் இப்போது பஸ் காசு கட்டி அலைகிறார்கள்.

மூன்றாவது பிரச்சினை, நியமனம். ஈ.பி.எப். சேரும்போது, "நான் இறந்தால் காசு இன்னாருக்கு" என்று ஒருவரை எழுதிக் கொடுக்கலாம். இந்த அம்மா 19 வயதில், கல்யாணத்துக்கு முன்பு, தன்னுடைய தாயின் பேரை எழுதியிருக்கிறார். அந்தப் பாட்டி எப்போதோ இறந்துவிட்டார். பிறகு அதை மாற்றவே இல்லை. கணவர் உயிரோடு இருக்கிறார், ஆனால் கல்யாணம் கோயிலில் நடந்தது, பதியவில்லை. ஒரு கந்தோரில் அந்த மனிதரைப் பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்டார்கள். 22 வருடம் குடும்பம் நடத்தியவர், பதில் சொல்லத் தெரியாமல் என் முகத்தைப் பார்த்தார். அந்த இடத்தில் எனக்கும் பேச்சு வரவில்லை.

பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களில் தாயின் பேர் இருந்ததால், பிள்ளைகள் மூவரும் வாரிசுகளாக விண்ணப்பிக்க முடிந்தது. மரணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், வங்கிப் புத்தகம், மூத்தவனின் அடையாள அட்டை. அதோடு, இந்த நாலு பேரும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன்னால் முடித்த சத்தியக் கடதாசி. இரக்குவானைப் பக்கத்துத் தோட்டத்துக்கு மூத்தவன் இரண்டு தரம் போய்ச் சேவைக் கடிதம் எடுத்து வந்தான். அங்கே ஒரு வயதான கிளாக்கர் பழைய பதிவுப் புத்தகத்தைத் தேடி எடுத்து, "இந்தப் புள்ள எனக்கு நினைவிருக்கு" என்று சொன்னாராம். அவர் நல்லா இருக்க வேண்டும்.

பதினான்கு மாதம் ஆனது. சேவைக்காலப் பணம் முதலில் வந்தது, பிறகு ஈ.பி.எப்., கடைசியாக ஈ.டி.எப். காசு வருமுன் பாடசாலைக் கட்டணம், வகுப்புக் காசு, பஸ் காசு எல்லாம் நாங்கள் சில ஆசிரியர்கள் பார்த்துக்கொண்டோம். பிள்ளை கார்மன்ட்ஸுக்குப் போகவில்லை, ஏ.எல். படிக்கிறாள்.

காசு வந்ததும் தோட்டத்தில் ஒரு கதை பரவியது. "இவ்வளவு காசு பேங்குக்கு வந்தா அரசாங்கம் டெக்ஸ் புடிக்கும், உடனே எடுத்துடுங்க." மூத்தவன் பயந்து போய் எனக்குக் கோல் எடுத்தான். அதனால் வரி விஷயத்தை விளக்கமாக எழுதுகிறேன்.

ஓய்வின்போது வருகிற மொத்தத் தொகைக்கு நம் நாட்டில் தனி வரி வீதம் இருக்கிறது. முதல் ஒரு கோடி ரூபாவுக்கு வரி பூச்சியம். அடுத்த ஒரு கோடிக்கு 6 வீதம். அதற்கு மேல் 12 வீதம். தோட்டத் தொழிலாளி ஒருவரின் வாழ்நாள் சேமிப்பு அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூடப் போகாது. இறந்தவரின் சொத்துக்கென்று முன்பு இருந்த மரண வரியும் எண்பதுகளிலேயே ஒழிக்கப்பட்டுவிட்டது. ஆகவே வரிக்குப் பயந்து அவசர அவசரமாகக் காசை எடுத்து வீட்டில் வைக்கத் தேவையில்லை. ஆனால் ஒன்று, நீங்கள் வரி கட்டவில்லை என்று நினைக்காதீர்கள். ஈ.பி.எப். நிதி தன் முதலீட்டு வருமானத்தில் 14 வீதம் வரி கட்டுகிறது. அதாவது உங்கள் காசு உங்கள் கைக்கு வருமுன்பே அதன் வருமானத்தில் வரி போய்விடுகிறது.

வந்த காசை வங்கியில் நிலையான வைப்பில் போட்டால்தான் புதிய வரி தொடங்குகிறது. 2025 ஏப்ரல் முதல் வங்கி வட்டியில் 10 வீதத்தைப் பிடித்து அரசாங்கத்துக்கு அனுப்புகிறது. 6 இலட்சம் ரூபாவுக்கு 8 வீத வட்டி என்றால் வருடத்துக்கு 48,000. அதில் 4,800 பிடிபடும். ஆனால் அதே 2025 ஏப்ரல் முதல், வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா வரை வருமானம் உள்ளவருக்கு வருமான வரியே இல்லை. அப்படிப்பட்டவர்கள் வங்கியில் ஒரு சுயபிரகடனப் படிவம் கொடுத்தால் அந்த 10 வீதத்தைப் பிடிக்க மாட்டார்கள். வரி செலுத்துநர் அடையாள இலக்கம், அதாவது "டின்" நம்பர் கேட்பார்கள். அதை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் காசில்லாமல் எடுக்கலாம். டின் எடுத்தால் வரி கட்ட வேண்டும் என்பது பொய்க் கதை. ஏற்கெனவே பிடித்திருந்தால், ஏப்ரல் முதல் மார்ச் வரையான வருடத்துக்கு விபரத்திரட்டுச் சமர்ப்பித்துத் திருப்பிக் கேட்கலாம். கடைசித் திகதி நவம்பர் 30.

வட்டி பற்றி எனது மார்க்க நிலைப்பாடு உங்களுக்குத் தெரியும். ஆனால் அது அவர்களுடைய காசு, அவர்களுடைய முடிவு. சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிச் சொல்வதுதான் என் வேலை. ஒரு ஏ.எல். பிள்ளைக்கு 4,800 ரூபா என்றால் சில மாத வகுப்புக் காசு.

இன்னொரு விஷயம். மூத்தவன் நாளைக்கு நல்ல வேலைக்குப் போய் வரி விபரத்திரட்டுக் கொடுக்கும் நிலைக்கு வரலாம், இன்ஷா அல்லாஹ் வருவான். அதில் சொத்து, கடன் விபரமும் கேட்பார்கள். அப்போது இந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரலாம். அதனால் ஈ.பி.எப். காசு வந்த கடிதத்தையும் வங்கிக் கூற்றையும் மரணச் சான்றிதழோடு சேர்த்து ஒரே பைலில் வைக்கச் சொன்னேன். வட்டியை வருமானமாகக் காட்ட வேண்டும். அம்மாவின் காசு சொத்தாக மட்டும் காட்டப்படும்.

என்னோடு பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் படித்த சிநேகிதி ஒருத்தி, இப்போது அமெரிக்காவில் இருப்பவள், இதைக் கேட்டு ஆச்சரியப்பட்டாள். அங்கே தகப்பனின் ஓய்வுக் கணக்கு மகளுக்கு வந்தால் பொதுவாகப் பத்து வருடத்துக்குள் முழுவதையும் எடுத்துவிட வேண்டுமாம். வழமையான கணக்கு என்றால், எடுக்க எடுக்க அந்தந்த வருட வருமானமாக வரித் திரட்டில் எழுத வேண்டும். கணவன் மனைவி என்றால் தன் சொந்தக் கணக்குக்கே மாற்றிக்கொள்ளலாம். அங்கே வாரிசு கேட்பது "எவ்வளவு வரி?" என்று. இங்கே வாரிசு முதலில் "நான் இவருடைய பிள்ளைதான்" என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது. வரிக் கேள்விக்கு வருவதற்குள் பிள்ளைகளின் படிப்பு முடிந்துவிடுகிறது.

நம்ம ஊர் முஸ்லிம் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. கடையிலும் கம்பனியிலும் வேலை செய்கிற நம்ம பிள்ளைகளுக்கும் ஈ.பி.எப். இருக்கிறது. 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டப்படி நமக்கு மீராஸ் முறையில் பங்கு. நிதி, நீங்கள் பேர் கொடுத்தவரின் கையில் காசைக் கொடுக்கும். அதை உம்மாவுக்கு, மனைவிக்கு, ஆண் பெண் பிள்ளைகளுக்கு உரிய பங்கின்படி பிரிப்பது அமானிதம். அதை உங்கள் மௌலவியிடம் கேட்டு இப்போதே வீட்டில் பேசி வையுங்கள். அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமே கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றித்தான். எழுதாமல் விட்டதால் சகோதரங்கள் பேசாமல் இருக்கிற வீடுகளை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

நான் அரசாங்க உத்தியோகத்தர். நியமனம் கிடைத்த நாட்களிலேயே விதவைகள் அநாதைகள் ஓய்வூதியப் படிவத்தைக் கந்தோரில் நிரப்ப வைத்தார்கள். கல்யாணம் முடித்ததும் அதையும் பதிய வைத்தார்கள். எங்களுக்குப் பின்னால் நின்று ஞாபகப்படுத்த ஆள் இருக்கிறது. மலையில் பால் வெட்டுகிற அக்காவுக்கு அப்படி யாரும் இல்லை. அவருடைய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிற நாம்தான் அதைச் சொல்ல வேண்டும்.

ஆகவே தயவுசெய்து இந்த வேலைகளைச் செய்யுங்கள்.

அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், ஈ.பி.எப். கணக்குக் கூற்று மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பேரை ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் தோட்ட ஆபிசில் சொல்லி இப்போதே திருத்தக் கேளுங்கள். உயிரோடு இருக்கிறவர் கையெழுத்துப் போட்டுத் திருத்துவது, இறந்த பிறகு பிள்ளைகள் திருத்துவதைவிட எவ்வளவோ இலேசு.

நியமனம் யார் பேரில் இருக்கிறது என்று கேளுங்கள். கல்யாணம் முடித்திருந்தால், நீங்கள் எழுதியவர் இறந்திருந்தால், புதிதாக எழுதிக் கொடுங்கள்.

வேறு தோட்டத்தில், வேறு கம்பனியில் முன்பு வேலை செய்திருந்தால் அந்த இலக்கத்தைத் தேடி எழுதி வையுங்கள். சம்பளத் துண்டுகளை அடுப்புக்குப் போடாதீர்கள்.

கோயிலில் முடித்த கல்யாணத்தையும் பதிவாளரிடம் பதியுங்கள். பேரப்பிள்ளை கண்டவர்களும் பதியலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

யாராவது "நான் எடுத்துத் தாரேன், பாதி எனக்கு" என்று வந்தால் அனுப்பிவிடுங்கள். படிவத்துக்குக் காசு இல்லை.

அடுத்த பெற்றோர் கூட்டம் முடிந்ததும் நானும் இன்னும் இரண்டு ஆசிரியர்களும் பாடசாலை நூலகத்தில் இருப்போம். சிங்களக் கடிதம் வாசிக்கவோ, படிவம் நிரப்பவோ உதவி தேவையானவர்கள் பிள்ளையின் பெறுபேற்று அட்டையைப் பார்க்க வரும்போது உங்கள் ஈ.பி.எப். தாள்களையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். மூக்குக் கண்ணாடியும் கொண்டு வாருங்கள், பேரை நீங்களே வாசித்துச் சரி பார்க்க வேண்டும்.